உயிரோடிருந்தவளுக்கு ஒரு ஒப்பாரி

சைராகான் தெருவில் நடந்து வந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவள் ஒரு வீட்டுப் படியேறினால் அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அவளுக்கு அது தெரியும். அதனால் சந்தைக்குப் போகும்போதுகூட யார் வாசலிலும் நிற்காமல் தெருவின் நடுவிலேயே நடப்பாள்.

அவள் அழுகையைத் தொழிலாக்கிக்கொண்டவள் அல்ல. விதி அவளை அதில் தள்ளியது. பனி உருகி நரின் ஆறு பெருகிய ஒரு மே மாதத்தில், மந்தையைக் கரை கடத்தப் போன அவள் கணவனைக் குதிரையோடு சேர்த்து ஆறு கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அவனுடைய மேலங்கியை நடுவில் வைத்து, கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி அந்த இளம் விதவை பாடிய ஒப்பாரியைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். அன்றிலிருந்து யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் போகும். சாவு வீட்டில் வந்தவர்களுக்கு நினைவாகக் கிழித்துக் கொடுக்கும் துணித் துண்டுகளைச் சேர்த்து அவள் மெத்தை தைத்தாள். அந்த மெத்தைமேல்தான் அவளுடைய ஒரே மகன் பெக்தெமிர் வளர்ந்தான். ஊர்ச் சாவெல்லாம் கூடி வளர்த்த பிள்ளை!

அந்தப் பிள்ளையைத்தான் ஒரு இலையுதிர் காலத்தில் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மேலே மலையில் சுரங்கம் வந்த பிறகு ஓடைத் தண்ணீர் துரு நிறமானது, ஆடுகள் வாயில் நுரை தள்ளிச் செத்தன. ஊர் ஆண்கள் சாலையை மறித்தார்கள். குறுக்கே நின்ற லாரி பெக்தெமிருடையது. மற்றவர்களை விட்டுவிட்டு அவனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சைராகான் பார்க்கப் போனபோது அவனால் தேநீர்க் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. வலது கை விரல்கள் விறகுக் குச்சிகள் போல ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பியிருந்தன.

"கதவுல மாட்டிக்கிச்சும்மா" என்றான். பக்கத்தில் காவலர் நின்றிருந்தார்.

கதவில் மாட்டினால் ஐந்து விரலுமா உடையும்? அதைச் சத்தமாகக் கேட்டவள் ஊரில் ஒருத்திதான். பக்கத்துத் தெருவில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்த வழக்கறிஞர் கனிஷாய். தலைநகரிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்து வந்து, சிறைக்குள் போராடி நுழைந்து, அந்தக் கையைப் படமெடுத்து, அடித்தவர்கள்மேல் வழக்குப் போட்டாள்.

அதன் பிறகு அவளுக்கு நேர்ந்ததைச் சொல்ல மனம் கூசுகிறது. வெளிநாட்டு உதவி வாங்கும் அமைப்புகளெல்லாம் வெளிநாட்டுக்காரனின் ஆட்கள் என்று சட்டம் வந்தது. கனிஷாயின் அலுவலகமும் அப்படி உதவி வாங்கியதுதான். மறுநாள் காலையில் அவள் வீட்டுக் கேட்டில் 'விலை போனவள்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. கூலிக்குக் கத்தும் பெண்கள் கூட்டம் ஒன்று வந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. எதிரே ரொட்டிக்கடை வைத்திருந்த அசனாலி, அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போதே "தீர்ந்து போச்சு" என்றான். தெரு முழுக்க அவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டது.

சைராகானுக்கும் அவள்மேல் வெறுப்புத்தான். நேரே போய்க் கேட்டாள்.

"உன் வாயாலதான்டி என் மகன் அங்க அடி வாங்கறான். வழக்கை வாபஸ் வாங்கு."

"நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடிதான் அக்கா விரலை ஒடைச்சாங்க."

"நல்லாப் பேசறே. பெத்திருந்தா தெரியும்!"

கனிஷாய் அடுப்பிலிருந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். சைராகான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

வழக்கு விசாரணைக்கு வரவிருந்த நேரத்தில் துய்ஷோன் சைராகானின் வீட்டுக்கு வந்தான். இறந்த கணவனுக்குத் தூரத்துத் தம்பி முறை. பட்டணத்தில் வளர்ந்து, இங்கே மாவட்ட அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவன்.

"அண்ணி, உங்களால ஒரு உதவி. ஒரே ஒரு ஒப்பாரி."

"யாரு போயிட்டாங்க?"

"இன்னும் யாரும் போகல." சிரித்தான். "கனிஷாய் வாசல்ல நின்னு, அவ பேரச் சொல்லிப் பாடணும். அதுல அவ வெலவெலத்துப் போயிடுவா. ராத்திரியோட ராத்திரியா ஊரைக் காலி பண்ணிடுவா. வழக்கும் போச்சு."

சைராகான் காதைப் பொத்திக்கொண்டாள். "உயிரோட இருக்கறவளுக்கா? பாடினவ வீட்டுல சாவு விழும் துய்ஷோன்!"

"பாடலைன்னா மட்டும்? பெக்தெமிருக்கு இன்னும் ஒரு கை இருக்கு அண்ணி." அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். "பாடுங்க. அடுத்த வாரம் உங்க பையன் உங்க கையால சாப்பிடுவான். அதுக்கு நான் ஜவாப்தாரி."

பெற்ற வயிறு எதைத்தான் செய்யாது?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரம். கறுப்பு வெல்வெட் மேலங்கி போட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டி, கனிஷாயின் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றாள் சைராகான். துய்ஷோன் காரில் சாய்ந்துகொண்டு செல்போனில் எல்லாவற்றையும் ஊருக்கே நேரலையில் காட்டிக்கொண்டிருந்தான். அவள் கேட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். இடுப்பில் கைகளை ஊன்றினாள். குரல் எழுந்தது.

அவளுக்கு ஏசிப் பாடத் தெரியாது. ஒப்பாரியில் ஏச்சுக்கு இடமில்லை, செய்த நல்லதைத்தான் சொல்லி அழ வேண்டும். கனிஷாய் செய்ததில் அவளுக்குத் தெரிந்தது எது? அதைத்தான் பாடினாள்.

"பனியிலே நின்னியே கனிஷாய், பூட்டின கதவுக்கு வெளியே நின்னியே! என் மகன் சட்டையிலே ரத்தம், உன் கையாலே துவைச்சியே! ஒடைஞ்ச விரலை எண்ணினியே, ஒத்தையிலே எண்ணினியே!"

பட்டணத்தில் வளர்ந்த துய்ஷோனுக்கு ஒன்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் குரல் கேட்டால் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. பகையாளியாக இருந்தாலும் ஓடி வர வேண்டும். ஆண்கள் தூரத்திலிருந்தே வாய்விட்டு அலறிக்கொண்டு வர வேண்டும். இறந்தவருக்குச் செய்த தவறை உடல் வீட்டைவிட்டுப் போவதற்குள் சொல்லி மன்னிப்புக் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாவம் கூடவே வரும்.

தெரு திரண்டு வந்தது. மாதக் கணக்கில் முகம் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே வந்தார்கள். பெண்கள் தட்டுகளில் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளோடு வந்தார்கள். அசனாலி மார்போடு ரொட்டிகளை அணைத்துக்கொண்டு, துக்கக் கோலை ஊன்றி, தள்ளாடியபடி ஓடி வந்தான்.

"என் தங்கச்சியே! கூடப் பொறக்காத பொறப்பே! கேட்டுல பெயிண்ட் அடிச்சது நான்தாம்மா! துய்ஷோன்தான் டப்பா வாங்கிக் குடுத்தான்! எழுதலைன்னா கடையை மூடிடுவேன்னான்! மன்னிச்சிடு தாயி!"

துய்ஷோன் செல்போனை அணைக்கத் தடவினான். அதற்குள் ஊர் கேட்டுவிட்டது.

அப்போது கேட் திறந்தது. ஈரக் கையோடு, துணி அலசும் வாளியோடு கனிஷாய் நின்றாள்.

அசனாலியின் கையிலிருந்து ஒரு ரொட்டி உருண்டு அவள் காலடியில் விழுந்தது.

"யாரு அண்ணே செத்தது?" என்றாள் கனிஷாய்.

முதலில் ஒரு பெண் சைராகானை அடித்தாள். "பிசாசே! உயிரோட இருக்கறவளுக்கா பாடினே? எங்க தெருவுக்கே சாவைக் கூப்பிட்டியே!" இன்னொருத்தி தலைத்துணியைப் பிடித்து இழுத்தாள். சைராகான் தடுக்கவில்லை. கனிஷாய்தான் வாளியைப் போட்டுவிட்டு நடுவில் புகுந்தாள்.

"விடுங்க! பெத்த வயித்த பயமுறுத்தினா பாடாம என்ன பண்ணுவா? அந்தா கார்ல ஏறறானே, அவனைப் புடிங்க பார்க்கலாம்."

யாரும் பிடிக்கவில்லை. கார் புழுதி கிளப்பிப் போனது. சாவு வீட்டுக்கென்று கொண்டுவந்த உணவைத் திருப்பி எடுத்துப் போகக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் வாசலிலேயே வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். அந்த ரொட்டிகள் நடுவே இரண்டு பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சைராகான் தேநீரைக் குடித்தாள்.

அடுத்த வாரம் பெக்தெமிர் வரவில்லை. அவனைக் கணவாய்க்கு அப்பாலிருந்த தூரத்துச் சிறைக்கு மாற்றினார்கள். மருத்துவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், நீதிபதி தேதியைத் தள்ளி வைத்தார். கனிஷாயின் அலுவலகத்துக்குச் சீல் வைத்தார்கள். அசனாலியின் கடையையும் சுகாதாரம் சரியில்லை என்று மூடினார்கள். உயிரோடிருப்பவளுக்குப் பாடிய வாய் என்று சைராகானைப் பிறகு யாரும் சாவுக்கு அழைக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் துய்ஷோனின் தாய் இறந்துபோனாள். பக்கத்து ஊர்களிலிருந்து பாட வந்த பெண்கள் வீட்டுக்காரன் பெயரைக் கேட்டதும் திரும்பிவிட்டார்கள். அந்த நேரலையைப் பார்க்காதவர் யார்? தாய்க்கு ஒப்பாரி இல்லாமல் போவதைவிட ஒரு மகனுக்குக் கேவலம் எங்கள் பக்கத்தில் வேறு இல்லை. பனியில் நடந்து வந்து அவன் சைராகானின் வாசலில் முழங்காலிட்டான்.

அவள் சிறைக்குக் கொண்டுபோக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கம்பளிக் காலுறை, உலர்ந்த தயிர் உருண்டை, கொழுப்பில் பொரித்த இறைச்சி.

"அண்ணி, எங்கம்மா உங்களை மகளாட்டம் பார்த்தவ. என்ன வேணும்னாலும் கேளுங்க, செய்யறேன்."

"என் மகனை விட்டுடு."

அவன் தலை குனிந்தது. "அது என் கையில இல்ல அண்ணி. மேல இருக்கறவங்க..."

சைராகான் முடிச்சை இறுக்கினாள்.

"அப்ப அன்னிக்கு மட்டும் உன் கையில இருந்துச்சா?"

அவன் வாசற்படியைப் பிடித்துக்கொண்டான்.

"எழுந்திருடா. வழிய விடு. நீ பாடச் சொன்னப்ப உயிரோட இருந்தவளுக்குப் பாடினேன். என்கிட்ட இருந்த குரல் அதோட போச்சு."

வெளியே கனிஷாயின் பழைய கார் உறுமிக்கொண்டிருந்தது. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சைராகான் ஏறி உட்கார்ந்தாள். கணவாய்ச் சாலைக்குத் துய்ஷோனின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு குரலும் வரவில்லை.

"கண்ணாடிய ஏத்திக்கவா அக்கா? குளிருது" என்றாள் கனிஷாய்.

"வேணாம். மெதுவாவே போ."