ரசப்பொடியும் தூக்குத் தண்டனையும்

வீட்டிலேயே மசாலாப் பொடி செய்து விற்கும் தொழிலில் தும்மலைக்கூடச் சமாளித்துவிடலாம். பொடி வாங்க வந்து வாசலில் நின்று அபிப்பிராயம் சொல்பவர்களைச் சமாளிக்கவே முடியாது. என்னைப் போல இதில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இது புரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதல் சோதனை. இரண்டு வருடங்களுக்கு முன் என் தங்கை சுமதியை, அன்னூர்த் தோட்டத்து வீட்டில், பட்டப்பகலில், தாலிக்கொடிக்காக ஒருவன் கொன்றுவிட்டான். அவன்தான் குற்றவாளி என்று கோர்ட்டில் முடிவானது. தண்டனையைச் சில நாள் கழித்துச் சொல்வதாக இருந்தது. அதுவரை என் வாசலே கோர்ட்டாகிவிட்டது.

மில் சத்தம்

சுமதிக்கு ரசம் நன்றாகவே வைக்கத் தெரியும். ஆனாலும் தினமும் பதினோரு மணி வாக்கில் போன் செய்து, "அக்கா, எத்தனை கரண்டி?" என்பாள். "கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவளுக்கு ரெண்டு கரண்டி ஞாபகம் இருக்காதாடி?" என்று எரிந்து விழுவேன். சிரிப்பாள். பிறகு அரை மணி நேரம் பேச்சு. பொடி போடாத ரசம் அடுப்பில் காத்துக் கிடக்கும்.

அன்றும் கூப்பிட்டிருக்கிறாள். நான் அரவை மில்லில் இருந்தேன், போன் பைக்குள். வெளியே வந்து பார்த்தால் ஒரே ஒரு மிஸ்டு கால். ரசத்துக்காகக் கூப்பிட்டாளா, அவனைப் பார்த்துப் பயந்து கூப்பிட்டாளா? இன்றுவரை தெரியாது. விஷயம் கேள்விப்பட்ட மில்காரர் சொன்னார்: "இனிமேப்பட்டு போனை இடுப்புல சொருகிக்கோங்க அக்கா, அதிர்ந்தாத் தெரியுமுங்க."

அரைக் கிலோ சாம்பார்ப்பொடி

எதிர் வீட்டு ருக்மணி அம்மாள் தூக்குக் கட்சி. ஒருவனைத் தொங்கவிட்டால் ஒன்பது பேர் ஒழுங்காக இருப்பார்கள் என்பது அவருடைய சித்தாந்தம். கொல்ல வருகிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டா வருகிறான் என்று கேட்டேன். அவர் அசரவில்லை. "அதுக்குன்னு உக்கார வெச்சு சோறு போடறதுங்களா அம்மணி? தூக்குத்தானுங்க சரி. அப்பறமுங்க, போன தடவை பொடியில காரம் பத்தலீங்க, பார்த்து அரைங்க."

சிஸ்டரின் கேள்வி

எனக்கும் சுமதிக்கும் பாடம் நடத்திய கன்னியாஸ்திரீக்கு இப்போது எண்பது வயது. மடத்துச் சமையலுக்கு என் பொடிதான். வந்தவர் மன்னிப்பைப் பற்றி ஆரம்பித்தார். "செத்தது உங்க தங்கச்சி இல்லையே சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். பள்ளியில் இப்படிப் பேசியிருந்தால் முழங்கால் போட வைத்திருப்பார். இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அவன் வெறி புடிச்சுச் செஞ்சதை, நாம தேதி குறிச்சு, நிதானமாச் செய்யணுமாம்மா?"

காம்பு கிள்ளிக்கொண்டே

மிளகாய்க் காம்பு கிள்ள வரும் மருதாயி வாயே திறக்க மாட்டாள். அன்று திறந்தாள். "எங்கண்ணன் மவனை ஆறு மாசம் உள்ளார வெச்சுப்போட்டு, ஆளு மாறிப்போச்சுன்னு உட்டாங்க. தூக்குல போட்டிருந்தா, ஆருகிட்டப் போயி திருப்பிக் கேக்கறதுங்க?"

ஆனைமலையில்

சுமதியின் கணவர் செந்தில் என்னை ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து அங்கிருக்கும் நீதிக்கல்லில் பூசி முறையிடுவது வழக்கம். "நீங்களே அரைங்கக்கா" என்றார். மிளகாய் நமத்துப் போயிருந்தது. என் வீட்டுக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அரைத்தேன். "அவனைத் தூக்குல போடோணும் தாயி" என்று செந்தில் சத்தமாகவே வேண்டினார். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. சுமதியின் குரலைக் கடைசியாகக் கேட்ட காது அவனுடையது. அவள் எதற்குப் போனை எடுத்தாள், என்ன சொன்னாள் என்பது தெரிந்த ஒரே ஆள் அவன். அவனைத் தொங்கவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். 'அவன் வாயைத் திற' என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் இதைச் சொன்னேன். செந்தில் வண்டியை ஓரங்கட்டினார். அன்று அடுப்பில் ரசம் இருந்ததாம். "அதுல பொடி போட்டிருந்தாளா?" என்றேன். போடாமல் இருந்தால், எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: "பார்க்கலீங்கக்கா. நாந்தானுங்க கொட்டிக் கழுவிப்போட்டேன்."

மனு

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. செந்தில் அழுதார். ருக்மணி அம்மாள் ஒரு வாரம் பொடி வாங்கவில்லை. நான் அவனைச் சந்திக்க ஜெயிலுக்கு மனுப் போட்டேன். அவன் சம்மதிக்க வேண்டுமாம். இரண்டு முறை மாட்டேன் என்றான். மூன்றாவது முறை சரி என்றிருக்கிறான். புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். கிளம்புகிற அன்று காலை வக்கீலிடமிருந்து போன். இடுப்பில் அதிர்ந்ததும் எடுத்துவிட்டேன். "இன்னிக்கு வேண்டாமுங்க. ஆளுக்கு நெஞ்சுச் சளி, காய்ச்சலுங்களாம். தேறட்டும், பார்த்துக்கலாமுங்க."

தங்கையைக் கொன்றவன் வெந்நீர் குடித்தானோ இல்லையோ என்று கவலைப்பட்டுக்கொண்டு ரசப்பொடி அரைக்கும் அக்கா, இந்தக் கோயம்புத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.