ஏழு மாதம் வந்த ‘வெற்றி’

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை எல்லோரும் ‘பேக்கப் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். வரவேற்பு மேசை வேலைக்குத்தான் சேர்ந்தாள். சர்வர் வந்து இறங்கிய அன்று, கூடவே வந்த கையேட்டை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் பதினொரு வருடமாக அது அவள் தலையில். யாரும் கேட்கவில்லை; அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

சர்வரைப் பழைய குளியலறையில் வைத்திருந்தார்கள். கண்ணாடி, சோப்பு வைக்கும் குழி எல்லாம் அப்படியே இருந்தன. அந்த ஒரே சர்வருக்குள் மூன்று கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல் ஏற்பாடு: ஒன்று பதிவுக்கு, ஒன்று ஆய்வுக் கருவிகளுக்கு, ஒன்று ரிப்போர்ட் அச்சிட. மூன்றின் நகலும், அதாவது பேக்கப், தினமும் கேபிள் வழியாக மாடியிலுள்ள ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போகும். காலையில் ‘வெற்றி’ என்று மெயில் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு மூன்றும் சேர்ந்து நின்றுபோயின. கூடத்தில் வெறும் வயிற்றோடு முப்பது பேர்.

மேனேஜர் குளியலறை வாசலில் வந்து நின்றார். “என்னம்மா ஆச்சு?”

“சர்வர் டிஸ்க் நிரம்பிடுச்சு சார். உள்ள பூரா பேக்கப் நகல்.”

“அப்ப அழிச்சு விடுங்க.”

“அது இங்க இருக்கவே கூடாது சார். மாடியில இருக்கணும்.”

“இருக்கக் கூடாததைத்தானே அழிக்கச் சொல்றேன்?”

அவள் மாடி ஏறினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே இருந்த கடைசி நகலின் தேதியைப் பார்த்தாள். ஏழு மாதம் பழையது.

ஏழு மாதத்துக்கு முன் அந்தத் தேதியில் மின்சாரம் போய் வந்திருந்தது. சர்வர் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடும். பெட்டிக்கு ஏழு நிமிடம் வேண்டும். முதலில் எழுந்த சர்வர் பெட்டியைத் தேடியிருக்கிறது, காணவில்லை என்றதும் தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கிவிட்டது. பெட்டிக்கென்று வைத்திருந்த ஃபோல்டர் மட்டும் காலியாகச் சர்வரிலேயே நின்றது. அன்று முதல் நகலெல்லாம் அதில்தான் விழுந்தன. மெயில் பொய் சொல்லவில்லை. எழுதியது வெற்றிதான். எங்கே எழுதியது என்று அவள் கேட்கவில்லை.

கீழே வந்து பெட்டியைச் சர்வரோடு மறுபடி இணைத்தாள். சர்வரில் விழுந்திருந்த கடைசி நகல் பத்திரமாக மாடிக்குப் போய்ச் சேரும்வரை ஒரு ஃபைலையும் அழிப்பதில்லை என்று முடிவு செய்தாள். நாற்பது நிமிடம் என்று திரை காட்டியது. மேனேஜர் கத்தினார். கூடத்திலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, ஒரே ஒரு பிஸ்கட் சாப்பிட்டா ரிசல்ட் மாறுமா?”

“மாறும் ஐயா.”

அவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

நகல் போய்ச் சேர்ந்தது. பழையவற்றை அழித்தாள், மூன்று கணினிகளும் எழுந்தன. அதற்குள் தலைமை டாக்டர் வந்துவிட்டார். அவளே போய் அவர் முன்னால் நின்றாள்.

“ஏழு மாசமா பேக்கப் மாடிக்குப் போகல டாக்டர். நான் மெயிலை நம்பிட்டேன். போய்ப் பார்க்கல.”

“ஏதாவது போயிடுச்சா?”

“இல்ல.”

“டிஸ்க் செத்திருந்தா?”

“ஏழு மாசத்து ரிப்போர்ட் எல்லாம் போயிருக்கும்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை மேனேஜர்கிட்ட இப்படிப் பச்சையா சொல்லாதீங்க.”

“சொல்லிட்டேன் டாக்டர்.”

அதன்பிறகு, பெட்டி இணைந்திருக்காவிட்டால் பேக்கப் தொடங்கவே தொடங்காமல் ‘தோல்வி’ என்று மெயில் அனுப்பும்படி மாற்றினாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நகலை எடுத்து, மூலையில் கிடந்த பழைய கணினியில் ஓட்டிப் பார்த்தாள்.

“நல்லா ஓடிக்கிட்டிருக்கறதை எதுக்கு இன்னொரு தடவை ஓட்டிப் பாக்குற?” என்றான் கணவன்.

“நகல் எழுந்திருக்குதான்னு பாக்கத்தான்.”

முதல் வெள்ளியன்று ரிப்போர்ட் கணினியின் நகல் எழுந்திருக்கவில்லை. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. கணவன் மறுபடி கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, பட்டப்பகலில், சர்வர் டிஸ்க் நிஜமாகவே செத்தது. புது டிஸ்க்கைப் போட்டு மாடியிலிருந்து மூன்றையும் மீட்டாள். அன்று காலைப் பதிவுகளைச் சீட்டுகளிலிருந்தும் முடிவுகளைக் கருவிகளிலிருந்தும் மறுபடி ஏற்றினாள். ஒரு மணி பத்து நிமிடம் பிடித்தது. ஒரு ரிப்போர்ட்கூடத் தொலையவில்லை. மேனேஜர் அதைப் பதிவேட்டில் ‘தாமதம்’ என்று எழுதி அவளிடம் நீட்டினார். அவள் நேரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.