சிம்மக்கல் சத்திரத்தில் ஒரு கையெழுத்து

சிம்மக்கல்லில் ஆற்றை ஒட்டி நிற்கும் அந்தக் கல் கட்டடத்தை ஊரே இன்னும் சத்திரம் என்றுதான் சொல்கிறது. திருவிழாவுக்கு வண்டி கட்டி வருகிறவர்கள் தங்குவதற்காகக் கட்டியது. எனக்கு மீசை அரும்பியபோது அது போலீஸ் கச்சேரி ஆகியிருந்தது. எழுமலைப் பக்கத்திலிருந்து நாங்கள் மதுரைக்கு எதற்கு வந்தாலும், ஊரில் வாங்கிய அனுமதிச் சீட்டை அங்கே காட்டி, பெருவிரலை மையில் தோய்த்துப் பதிவேட்டில் உருட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. திருடியிருக்க வேண்டியதில்லை, இன்ன சாதியில் பிறந்திருந்தால் போதும். ரேகைச் சட்டம் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் விரலில் மை போக இரண்டு நாள் ஆகும்.

வெள்ளைக்காரன் போன சமயத்தில் சட்டமும் போனது. கச்சேரியைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, பிரசவ ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். அந்த வருடம்தான் என் மனைவி எனக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். அவள் நாலாவது வரை படித்தவள். “இனிமே எவன் கேட்டாலும் வெரல நீட்டாதீக” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மறு வருடம் அவளுக்கு வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. உசிலம்பட்டி வரை மாட்டு வண்டி, பிறகு பஸ். சத்திரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், புருஷன் சம்மதம் தரட்டும் என்றார்.

பழைய பதிவேடு இருந்த அதே ஜன்னலோரம் ஒரு கிளார்க் இருந்தார். ஊர்ப் பெயரைக் கேட்டார். தலையை நிமிர்த்தாமலே மைப்பெட்டியைத் தள்ளினார்.

“கையெழுத்துப் போடுவேன்” என்றேன்.

“அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு ரேகைதான்யா. வையி.”

“மாட்டேன். பேனாவக் குடுங்க.”

அந்த ஆளை அப்படியே தூக்கி ஆற்றில் போடலாம் போலிருந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். “இன்னும் என்னங்க பண்றீக? அந்தப் புள்ளைக்கு நாடி விழுந்துக்கிட்டிருக்கு.”

கிளார்க் பேனாவை நீட்டிவிட்டார். வாங்கினேன். முதல் எழுத்தைப் போட்டேன். அடுத்தது வரவில்லை. மாதக்கணக்கில் மணலிலும் சிலேட்டிலும் எழுதிப் பழகிய பெயர், எங்கே போனதென்றே தெரியவில்லை. காகிதத்தில் மை கொட்டியதுதான் மிச்சம். நர்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேனாவை வைத்துவிட்டு, மைப்பெட்டியை நானே இழுத்தேன். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடமிருந்து வலமாக ஒரே உருட்டு, சுத்தமாக விழுந்தது.

பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். மறுநாள் மத்தியானம் அவள் கண் விழித்தாள். பிள்ளையைக் கூட இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

“காகிதத்துல கையெழுத்து கேட்டாகளாமே. போட்டீகளா?”

“போட்டேன்.”

“கோணாம வந்துச்சா?”

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “அழகா வந்துச்சு” என்றேன்.