நாலூசியின் கடைசிச் சில்லு

ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நாலூசி, தொடக்கூடாத குப்பிகளின் மூடியிலெல்லாம் சிவப்பு மை தடவி வைத்தாள். "எனக்கு மறதி ஜாஸ்தி, அதான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். குப்பியில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாதவள் அங்கே நான் ஒருத்திதான்.

பிளாட்டினத்தைப் படலமாக வளர்ப்பது அவள் வேலை. தலைமுடியின் பருமனைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறுகூட இராது, அவ்வளவு மெல்லிசு. இயந்திரத்துக்குள் கண்ணாடி போன்ற ஒரு சில்லை வைத்து ஒரு வாயுவை விடுவாள். மிச்சத்தை உறிஞ்சி வெளியேற்றி இன்னொன்றை விடுவாள். அது ஒரு சுற்று. முதல் சுற்றுகளில் உலோகம், குளிர்ந்த குவளையின் வெளியே நீர் பூத்தது போலத் தனித்தனிப் பொட்டாகத்தான் நிற்குமாம். பொட்டெல்லாம் கைகோத்தால்தான் மின்சாரம் ஓடும். அதைப் பார்க்க நான்கு ஊசிகளைச் சில்லின்மேல் பூப்போல இறக்குவாள். அதனாலேயே அவளுக்கு நாலூசி என்று பேர் விழுந்தது.

"இவ்வளவு மெல்லிசா யாருக்கு மேடம் வேணும்?"

"கம்ப்யூட்டர் செய்றவங்களுக்குக்கா. எனக்கு அதெல்லாம் அப்புறம். இத்தனை சன்னத்துலயும் ஒண்ணோட ஒண்ணு சேருமான்னு பாத்துடணும். இன்னொரு தடவை மேடம்னீங்க, ஊசி உங்களுக்குத்தான்!"

அவளுக்கு ரத்தத்தில் புற்று என்றார்கள். கடைசிச் சில்லை இயந்திரத்தில் ஏற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறுநாள் கூடத்துத் தலைவர் ஊசிகளை இறக்கினார். மீட்டர் அசையவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னிடம் திரும்பினார்.

"பாக்கப் போறீங்கல்லம்மா? சேந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. நிம்மதியாப் போகட்டும்."

ஆண்டவனே, இந்த ஒரு பொய்யை மன்னித்துவிடு என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

கட்டிலில் அவள் பாதியாகியிருந்தாள். குழாய் செருகிய கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா, ஊசி கடைசில எனக்கே வந்துடுச்சு. சேந்துச்சாக்கா?"

"சேந்துடுச்சு கண்ணு" என்றேன். வாய்தான் சொன்னது, கண் காட்டிக்கொடுத்துவிட்டது.

என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பார்வை நேரம் முடிந்ததென்று நர்ஸ் வந்து நின்றாள். நான் எழுந்தேன்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுக்கா, அழாதீங்க. அந்தச் சில்லைத் தூக்கிப் போட்டுட வேண்டாம்னு சார்கிட்ட சொல்லுங்க. திரும்ப உள்ள வச்சு இன்னும் நாலு சுற்று விடட்டும். பொட்டெல்லாம் தொடற தூரத்துலதான் நிக்கும்."