ஏஞ்சல் தைத்த கேன்வாஸ்

காக்களூர் தொழிற்பேட்டையில் தகரத்தை வெட்டி மடித்து, ஏசி காற்று போகும் டக்டுகளைச் செய்யும் பட்டறை ஒன்று உண்டு. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு தையல் மெஷினும் ஓடும். அதை ஓட்டுபவள் ஏஞ்சல்.

ஜாக்கெட் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவளை முதலாளி குப்புராஜ்தான் வேலைக்கு அழைத்தார். காற்றை ஊதும் மெஷினையும் டக்டையும் கேன்வாஸ் துணி வளையத்தால் இணைப்பார்கள். அப்போதுதான் மெஷினின் நடுக்கம் டக்டுக்குப் போகாது. ஆறு வருடமாக அந்த வளையங்களைத் தைத்தாளே தவிர, மாட்டிய இடத்தை அவள் பார்த்ததேயில்லை.

தேர்வாய் கண்டிகையில் உள்ள ஒரு கம்பெனியிலிருந்து மூன்றாவது வளையமும் கிழிந்து திரும்பி வந்தது.

“தையல் சரியில்லன்றாங்கம்மா,” என்றார் குப்புராஜ்.

ஏஞ்சலுக்குச் சுருக்கென்றது. புரட்டிப் பார்த்தாள். நூல் அறுந்திருக்கவில்லை, துணிதான் பிய்ந்திருந்தது.

“தையல் மேல பழி போடாதீங்க சார். நானே போய்ப் பாக்குறேன்.”

மறுநாள் புது வளையத்தோடு வேனில் போய் இறங்கினாள். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் முரளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாக்கா, மெக்கானிக் வருவாருன்னு பாத்துகினு இருந்தா டைலர அனுப்பிக்கிறாங்க?”

“துணிதான சார் கிழிஞ்சிது? டைலருதான் வரணும்.”

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, இரும்பு ஏணியில் ஏறினாள். வளையத்தை மாட்டியதும் தொட்டுப் பார்த்தாள். விறைத்து நின்றது. முரளி மெஷினைப் போட்டார். மெஷின் உதறியது, டக்ட் அசையவில்லை. நடுவே துணி வெடுக் வெடுக்கென்று இழுபட்டது.

“நடுவுல எவ்ளோ கேப்பு சார்?”

“நாலு இஞ்ச். நீங்களும் கரெக்டா நாலு இஞ்சுதான் தெச்சிக்கிறீங்க.”

“கரெக்டா தெச்சதுதான் தப்பு. ஒடம்பு அளவுக்கே ஜாக்கெட்டு தெச்சா கைய தூக்க முடியுமா? இது ஆடுற மெஷினு. லூசு விடணும்.”

முரளி வளையத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “மூணு தபா கழட்டி மாட்டினேங்கா. எனக்குத் தோணலியே.”

இரண்டு நாள் கழித்து ஆறு இஞ்சில் தைத்து எடுத்துப் போனாள். மாட்டியபோது தொளதொளவென்று கிடந்தது. மெஷின் ஓடியதும் பூரி மாதிரி உப்பி, லேசாக ஆடிக்கொண்டு நின்றது. கீழே வேலை செய்த பெண்களில் ஒருத்தி, குளிர்ந்த காற்று பட்டதும், வியர்வையைத் துடைத்த கையை நிறுத்தி மேலே அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கோடை முழுக்க அந்த வளையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போதெல்லாம் முரளி குப்புராஜுக்குப் போன் செய்தால், “அளவெடுக்க அக்காவ அனுப்புங்க” என்றுதான் ஆரம்பிக்கிறார். கம்பெனிகளுக்குள் போட்டுப் போக, ஏஞ்சலின் சின்னக் காலுக்குப் பொருந்தும் பாதுகாப்பு ஷூ தேடி முதலாளி கும்மிடிப்பூண்டி வரை அலைந்தார். ஷூ கிடைத்த அன்று அவள் அதைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனாள்.