மஞ்சள் துணி கட்டிய டின்

பூகம்பம் நடந்தது எங்கோ தொலைவில், பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க எங்களுக்குத் தெரியாத ஒரு நாட்டில். அறுபதுகளின் தொடக்கம் அது. வானொலியில் செய்தி வந்த மறுநாளே எங்கள் கல்லூரி மாணவர்கள் கூடி, காயம்பட்டவர்களுக்கு மருந்தும் கட்டுத்துணியும் அனுப்பப் பணம் திரட்டுவது என்று முடிவு செய்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு பால்மாவு டின் கிடைத்தது. மூடியில் காசு போட ஓட்டை. தமிழ்ப் பெண்கள் என்பதால் என்னையும் என் தோழியையும் தமிழர் கடைத்தெருவான சிராங்கூன் ரோட்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வயசுப் பொண்ணு ரோட்டுல நின்னு டின்னைக் குலுக்குறதா? பாக்குறவன் என்ன நெனைப்பான்?" அந்த வயதில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். கடைசியில் அம்மாதான் இறங்கிவந்தாள். மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியை டின்னைச் சுற்றி இறுக்கிக் கட்டிக் கையில் கொடுத்தாள். "இப்பப் போ. எவனும் தப்பாப் பாக்கமாட்டான்."

அம்மா சொன்னபடியே யாரும் தப்பாகப் பார்க்கவில்லை. ஆனால் எங்களை வேறு எதற்கோ வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் துணியோடு நாலு பேரிடம் மடிப்பிச்சை வாங்கிக் கோயிலில் செலுத்துவது நம்மவர்களின் வழக்கம். அங்கிருந்த அம்மன் கோயிலுக்கு எதிரே, துணிக்கடை வாசலில் நின்ற எங்களைப் பார்த்த பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பிடி அரிசி கொண்டுவந்து டின்னில் போட்டார்கள். காசும் போட்டார்கள். "அக்கா, இது பூகம்பத்துக்கு" என்று தொண்டை வறளச் சொன்னேன். "எதுக்கா இருந்தா என்ன, நல்லாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள் ஒருத்தி. என் தோழி கடையநல்லூர்க்காரர்களின் பெண், முஸ்லிம். தலையில் போட்ட சலெண்டாங் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் நின்னா பருப்பும் வந்துடும் லா. சோறாக்கிட்டுப் போயிடலாம்."

உச்சிவெயிலில் கோயில் நடை சாத்திய பிறகு ஓர் அம்மாள் வந்தாள். அழுது வீங்கிய முகம். சாத்திய கதவைப் பார்த்தாள், எங்கள் டின்னைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்துக் கண்ணில் ஒற்றி டின்னில் போட்டாள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கும்பிட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஓடி ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்படியில் டின்னைச் சுளகில் கவிழ்த்து, அரிசியையும் காசையும் பிரித்தோம். நடுவே ஒரு வெள்ளிக் கால் கிடந்தது. விரல் நீளம், முழங்காலிலிருந்து பாதம்வரை, தகட்டில் அடித்தது.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "யாரோ கால் பொழைக்கணும்னு நேந்துகிட்டது இது. அம்மன்கிட்டப் போறதுன்னு நெனைச்சுப் போட்டிருக்கா."

"டின்ல விழுந்தது டின்னுக்குத்தான்" என்றாள் தோழி. "வித்தா எவ்வளவு கட்டுத்துணி வாங்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவள் வேண்டுதலை விற்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். நீயும் உன் மஞ்சள் துணியும் என்று அவளும் கத்தினாள். அம்மாதான் இரண்டு பேரையும் அடக்கி, கோயிலுக்குப் பக்கத்து வெள்ளிக்கடைப் பத்தரிடம் அழைத்துப் போனாள். அவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். "மத்தியானம் நாந்தாம்மா குடுத்தேன். தஞ்சோங் பகார் பொம்பளை. மவன் துறைமுகத்துல வேலை பாக்குறான். கயிறு அறுந்து பெட்டி கால்ல விழுந்துடுச்சாம். காலை எடுக்குறதா வேணாமான்னு டாக்டருங்க பாத்துக்கிட்டிருக்காங்களாம்." "நேந்துகிட்டவளைக் கேக்காம நாம இதை எங்கயும் சேக்கக் கூடாது" என்றாள் அம்மா.

அன்றிரவு எழுந்து எழுந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். அம்மனிடம் போய்ச் சேர வேண்டியது எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அதற்குள் அந்தக் கால் போய்விட்டால்?

மறுநாள் டின்னோடும் வெள்ளிக் காலோடும் இருவரும் போனோம். தோழியின் வீடும் தஞ்சோங் பகார்தான். தொழிலாளர் குடியிருப்பில் நுழைந்தபோது யாரும் வழி சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். "காலையிலதான் எடுத்தாங்க" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "முட்டிக்குக் கீழ."

அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் துணியைப் பார்த்ததும் எழுந்தாள். என் கையில் இருந்த வெள்ளிக் காலைப் பார்த்தாள்.

"வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாளா?"

 ஆமாம் என்றால் அம்மன் கைவிட்டாள் என்றாகும். இல்லை என்றால் அம்மனிடம் போகவேயில்லை என்றாகும். எதைச் சொன்னாலும் அவள் உடைந்துபோவாள். ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

தோழி முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "திருப்பித் தர வரலைம்மா. இது கோயில் டின் இல்ல. தூரத்து ஊர்ல பூகம்பம் வந்து வீடெல்லாம் இடிஞ்சுபோச்சு. கையி காலு நசுங்கிக் கெடக்குறாங்க. அவங்களுக்கு மருந்து அனுப்புறோம். நீங்க தெரியாமப் போட்டுட்டீங்க. கேக்காம எடுத்துக்கக் கூடாதுன்னுதான் வந்தோம்."

முந்தின நாள் விற்கலாம் என்று சொன்ன அதே வாய்தான். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று.

அந்த அம்மாள் வெள்ளிக் காலை வாங்கிச் சேலை நுனியால் துடைத்தாள். 

"அங்க, இன்னும் எடுக்காத காலு இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா" என்றாள் தோழி.

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு பிடி அரிசியோடு வந்தாள். முதலில் வெள்ளிக் காலை டின்னுக்குள் போட்டாள். பிறகு அரிசியை ஒரு மணி கீழே சிந்தாமல் அந்த ஓட்டை வழியாகத் தள்ளினாள். மஞ்சள் துணியின் முடிச்சு தளர்ந்திருந்தது. அதை இழுத்துக் கட்டினாள்.

"சீக்கிரம் அனுப்புங்க தாயி" என்றாள். "இங்க நேரம் கடந்துபோச்சு."