ஒரே மெயிலில் ஒன்பது பேர்

யாரும் குறை சொல்லாத ஒன்றைச் சரிசெய்யப் போனேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

திருவொற்றியூரில் ஒரு சின்னப் பயிற்சி நிலையம். கண்டெய்னர் யார்டு வேலைக்காக சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக் கற்றுத்தரும் இடம். விண்ணப்பித்தவர்களைத் தேர்வுக்கு மெயிலில் அழைப்பது என் வேலை. அவர்கள் விவரங்களை, நான் புரோகிராம் எழுதும் டெக்ஸ்ட் எடிட்டருக்குள்ளேயே பட்டியலாக வைத்திருந்தேன். தேடினால் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும். முந்நூறு பேர்தான். ஆனாலும் எனக்குக் கை அரித்தது. ஹாஷ் டேபிளாக மாற்றினேன். சாவியைக் கொடுத்தால் நேரே அந்த ஆளின் பெட்டி திறக்கும். ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கலாம், மெயில் முகவரி இருக்காது என்று அதையே சாவியாக்கினேன்.

"பாருடி, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள!" என்று பக்கத்து சீட்டுத் தோழியிடம் காட்டினேன்.

"முன்னாடியும் அப்டித்தானே வந்துகினு இருந்துச்சு?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு முடிந்த மறுநாள், எண்ணூர் குப்பத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தார். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து மீன்பாடு போனதால் இந்த வேலையை நம்பியிருந்தவர். "எங்க தெருவுல ஒருத்தனுக்குத்தான் மெயில் வந்துகீது. மீதி எட்டு பேரு இன்னா பாவம் பண்ணோம்?"

நான் திரையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஸ்பேம்ல போயிருக்கும்ணா. நல்லாப் பாருங்க."

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். "ஸ்பேமு, குப்பைன்னு எல்லாத்தையும் கொட்டிப் பார்த்துச்சு, பாப்பா, அந்தப் பொண்ணு. நாந்தான், எங்க மெயில மறைக்கிறியான்னு தெருவே பார்க்கக் கத்திட்டேன்."

எந்தப் பொண்ணு என்று நான் கேட்கவில்லை. அவர்கள் தெருவில் முதலில் காலேஜுக்குப் போனவளாக இருப்பாள். கேஸ், ரேஷன், வேலை என்று எல்லாரும் படிவத்தில் எழுதிக்கொடுப்பது அவள் மெயிலைத்தான். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு அப்படி எழுதப்படுவது என்னுடையது. அது தெரிந்தும்தான் அந்தச் சாவியைப் போட்டிருந்தேன்.

பழைய பட்டியலைத் திறந்தேன். அந்த ஒரே மெயிலில் ஒன்பது பேர். புதியதில் ஒருவர். ஒரே சாவியில் அடுத்தவர் உள்ளே வர வர, முன்னவர் சத்தமில்லாமல் அழிந்திருந்தார்.

இடங்கள் நிரம்பிவிட்டன. மற்றவர்களை அடுத்த பேட்ச்சில் சேர்க்கலாம். வரம்பு நாற்பது வயது. அதற்குள் இவர் தாண்டிவிடுவார். அதைச் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பில்லியா?"

"இல்லண்ணா. சிஸ்டம்ல கோளாறு."

அங்கேயே போன் போட்டார். "சிஸ்டம் கோளாறாம்மா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காத." பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அழுவுது பாப்பா. நான் சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைக்குது. நீ ஒரு வார்த்த சொல்லேன்," என்று நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சிஸ்டம்தாம்மா," என்றேன் அவளிடமும்.